சம்பந்தி கை நனைக்காத வீடு

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஐந்து பெற்று ஐந்தையும் ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். டர்பன் தாத்தா ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை என்று பேத்தி கேட்டாள்.

அவள் பிறந்த வருஷம்தான் நியூ ஜெர்சிக்கு, மகன் வீட்டுக்கு வந்தேன். மருமகள் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண். இங்கே வந்து சட்டம் படித்தவள். மகளுக்குப் பிள்ளை பிறக்கும்வரை பெற்றவர்கள் அவள் புகுந்த வீட்டில் சாப்பிடக்கூடாது என்ற வழக்கத்தை விடாத அவளுடைய அப்பா, முதல் சாப்பாட்டுக்காக விமானம் ஏறி வந்தார். வடை பாயசத்தோடு சமைத்தேன்.

தட்டின் முன் உட்கார்ந்ததும் சொன்னார்: அவர்கள் நாட்டில் புது அரசியல் சட்டம் வருகிறதாம். பார்லிமெண்டில் இந்தியருக்கென்று தனிச் சபையாம். தேர்தலில் நிற்கப் போகிறாராம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மருமகள் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வந்தாள்.

“வெள்ளைக்காரங்களுக்கு ஒரு சபை, கலப்பினத்துக்காரங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. கறுப்பு ஜனங்களுக்கு எங்கப்பா?”

“முதல்ல நாம உள்ள போவோம்மா. போனாத்தானே அவங்களுக்காகவும் பேசலாம்?”

“என்னை முதுகுல கட்டிக்கிட்டு வளர்த்தாளே நம்ம வீட்ல வேலை பாத்த ஆயா, பொறந்த மண்ணுலயே அவளுக்கு ஓட்டு இல்ல. அவளை வெளிய நிக்க வெச்சுட்டு நீங்க உள்ள போய் உக்காருவீங்களா?”

“மாமா, சாம்பார் ஆறிடும். கான்ஸ்டிட்யூஷன் ஆறாது, சாப்பிடுங்க” என்றான் மகன். யாரும் சிரிக்கவில்லை.

“நீ சரின்னு சொல்லு. அதுவரைக்கும் இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்” என்றார் சம்பந்தி. பிறகு என் பக்கம் திரும்பினார். “சம்பந்தியம்மா, நீங்க சொன்னா கேப்பா.”

நான் மாமியார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பாளோ என்னவோ. அவளைப் பார்த்தேன். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் அப்பா முகத்தை விட்டு நகரவில்லை.

“அவ கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே, சம்பந்தி” என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். மகன்தான் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டான்.

தேர்தலில் நின்றார், ஜெயித்தார். அங்கே இந்தியர்களே அந்தத் தேர்தலை ஒதுக்கிவிட்டார்களாம், ஓட்டுப் போட வந்ததே கொஞ்சம் பேர்தானாம்.

பத்துப் பதினோரு வருஷம் ஆயிற்று, இப்போது அங்கே எல்லோருக்கும் ஒரே சட்டம், ஒரே ஓட்டு. மருமகள் போன் செய்து, சாப்பிட வாங்கப்பா என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை அவர்.

இவ்வளவுதான் கண்ணு. டிவியை அணைத்துவிட்டு வா, இதைப் படித்துக் காட்டு. உரக்கப் படி, உன் அம்மாவுக்கும் கேட்கட்டும்.