துண்டுக்குள் நடந்த பேரம்

சிவராமன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் கொச்சியின் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையில், போன மாதம் செய்த மரப்பெட்டி ஒன்றை ராஜா காலத்துப் பெட்டி என்று ஒரு வெளிநாட்டுக்காரரிடம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி லலிதா போனில் ஒரு வரிதான் சொன்னார்: "அவர் போயிட்டார், கேட்டேளா?" எழுந்து நடந்தேன். பாதி வழியில், பெட்டி என்ன விலைக்குப் போனது என்று சிவராமன் கேட்பானே, பார்க்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. அப்போதுதான் அழுகை வந்தது.

உங்களில் பலர் எங்கள் கல்லூரியில் அவனிடம் வரலாறு படித்தவர்கள். மறுமலர்ச்சிக் கால இத்தாலியைப் பாடப்புத்தகம் ஓவியங்களில் தொடங்கும். அவன் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் தொடங்குவான். வகுப்பு முழுவதும் தும்மும். "மாஷே, இது கிளாஸோ, தும்மலோ?" என்று காவல்காரர் கேட்பார். "வெனிஸாக்கும் சேட்டா!" என்பான். நெல் விளையாத சதுப்பில் குடியேறியவர்கள், எங்கோ விளைந்த மிளகைக் கைமாற்றியே அரண்மனை கட்டினார்கள் என்பது அவன் பாடம். அவன் வெனிஸுக்குப் போனதே இல்லை. "நம்ம மிளகு போயிருக்கோல்லியோ, அது போறும்."

ஃபுளோரன்ஸைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் தாழும். வணிகன் தங்கத்தைச் சுமக்காமல் ஒரு காகிதத்தோடு புறப்பட்டான். கடல் தாண்டிய ஊரில் முன்பின் தெரியாத ஒருவன் அதை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தான். "படையில்லாத ஊர் ராஜாக்களை வாசல்ல நிக்க வெச்சது இதனாலதான்டா. நம்பினான் பாரு, அங்கதான் ஊர் எழும்பித்து." பிறகு அதே ராஜாக்கள் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காமல் வங்கிகளைக் கவிழ்த்த கதையைச் சொல்வான். எங்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்திருந்த கல்லூரி நிர்வாகி அந்தப் பக்கம் வந்தால் இன்னும் உரக்கச் சொல்வான்.

அவன் அப்பா மிளகுத் தரகர். வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்கு அடியில் கைகோத்து, விரல்களை அழுத்தியே விலை பேசும் பழக்கத்தை அவரிடமிருந்து கற்றிருந்தான். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. விலை படிந்தால் முழுக் கையையும் இறுகப் பிடிப்பார்கள். அதன்பின் பேச்சு மாறக்கூடாது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் இந்தக் கரைக்கு வந்த இத்தாலியப் பயணி ஒருவர் இதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார் என்பதில் அவனுக்கு மகா பெருமை. ஆசிரியர் கூட்டங்களில் அந்த மகத்தான மரபை, முதல்வர் இன்னும் எத்தனை நிமிடம் பேசுவார் என்று என்னோடு பேரம்பேசப் பயன்படுத்தினான். பெரும்பாலும் அவன் சொன்னதே பலித்தது.

தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்தார்கள். கடவுளுக்கும் நையாண்டி தெரியும் என்று நான் அவனிடமே சொன்னேன், சத்தமில்லாமல் சிரித்தான். அதற்குப் பின் துண்டுதான் எங்கள் பேச்சு.

கடைசியாக எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: வீடு. மருத்துவர் தீவிர சிகிச்சைப் பிரிவு என்றார். "இன்னும் ஒரு சான்ஸ் இருக்குன்னு சொல்றாளே, நான் எப்படி அழைச்சுண்டு போவேன்?" என்று லலிதா அழுதார். அவன் சைகையால் என் துண்டைக் கேட்டு வாங்கினான். வழக்கம்போல் கையை நீட்டினேன். என் கையை விலக்கிவிட்டு லலிதாவின் கைமேல் துண்டைப் போட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சற்று நேரத்தில் லலிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்துக்குப் போலாம்" என்றார். அந்த வாரக் கடைசிவரை மட்டாஞ்சேரி வீட்டில், கிடங்கின் வாசனை வரும் அறையில் இருந்தான்.

காரியமெல்லாம் முடிந்தபின் லலிதாவிடம் கேட்டேன்: "அன்னைக்கு என்ன விலை சொன்னான்?"

"எனக்கு அந்த விரல் கணக்கெல்லாம் தெரியாதே. அவருக்கும் தெரியுமோல்லியோ, எனக்குத் தெரியாதுன்னு. ஒண்ணும் கேக்கலை. கையை மட்டும் இறுகப் பிடிச்சுண்டார்."

பேரமே பேசாமல் முடித்திருக்கிறான், தரகர் மகன். லலிதா நம்பியிருக்கிறார்.

துண்டைத் துவைத்து மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். இப்போது கூட்டங்களில் அதை மடியில் விரித்து, அடியில் கையை வைத்துக்கொள்கிறேன். முதல்வர் பேசிக்கொண்டே இருக்கிறார்.