பல்லவியைப் பிடித்து வைத்தவர்

தொண்ணூறுகளின் நடுவில், மராட்டிய மாநிலத்துத் தொழில்நகரமான ஆகுர்டியில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். தொழிற்சாலைகளுக்கு வரும் இயந்திரங்களை இறக்கி, இழுத்துக்கொண்டுபோய், உரிய இடத்தில் நிறுத்தித் தருவது எங்கள் வேலை. டிப்ளமாவில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், பாட்டைத் தவிர.

எங்கள் கேங்கில் மேஸ்திரியைத் தவிரப் பன்னிரண்டு பேர். மராட்டியர், கன்னடக்காரர், பீகாரி, தமிழர் என்று கலவை. மேஸ்திரி அந்தோணி பக்கத்துக் கசார்வாடியில் குடியிருந்த தமிழர், என் வயதுதான். கிரேன் நுழையாத இடத்தில் இயந்திரத்தின் அடியில் இரும்புப் பைப்புகளை உருளையாகப் போட்டு, கயிறு கட்டி இழுப்போம். அந்தோணி பக்கத்தில் நின்று ஒரு வரி பாடுவார். கேன்டீன் சாயாவில் தண்ணீர் அதிகம், மேனேஜர் வயிற்றில் நெய் அதிகம் என்று இந்தியும் மராட்டியும் கலந்து அந்த நேரத்துக்குக் கட்டுகிற வரிகள். அது முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து "ஹோய் ஹைசா" என்பார்கள். அந்தப் பல்லவிக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. வேலை நேரத்தில் இது என்ன கூத்து என்று எனக்கு ஒரே எரிச்சல்.

ஒரு தொழிற்சாலையில் மூன்று டன் எடையுள்ள பிரஸ் இயந்திரம் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த மேனேஜர் வந்தார். "யே கார்கானா ஹை, பஜன் மண்டலி நஹி," இது தொழிற்சாலை, பஜனைக் கூட்டமில்லை என்று முறைத்துவிட்டுப் போனார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுநாள் விசிலோடு வந்தேன். ஊதினால் இழுக்க வேண்டும், ஊதாவிட்டால் பிடித்து நிற்க வேண்டும். இதில் என்ன கஷ்டம்?

காலை முழுக்க ஊதினேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம். ஒருவர் முந்தி இழுக்க, ஒருவர் பிந்தி இழுக்க, கயிறு பாம்பாக நெளிந்தது. பிரஸ் ஒரு கஜம்கூட நகரவில்லை. மதியம் அந்தோணி ஆட்களின் உள்ளங்கையைக் காட்டினார். எல்லாம் கொப்புளம்.

"சார், உங்க விசிலு எப்ப வரும்னு கைக்குத் தெரியல. கேட்டதுக்கு அப்புறம்தான் இழுக்கறான். பாட்டுன்னா வரி முடியறப்பவே கை ரெடியா இருக்கும்."

"அப்ப ஹைசா மட்டும் சொல்லுங்களேன். நடுவுல மேனேஜர் வயிறு எதுக்கு?"

"அந்த வரியிலதான் சார் மூச்சு வாங்குவான், பிடிய மாத்துவான். ஆனா கயித்த விடமாட்டான். ஹைசாவுக்குத்தான் இழுப்பு."

அரை மனதோடு ஒத்துக்கொண்டேன். மேனேஜரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் பிரஸ் ஷெட்டுக்குள் போகும் சரிவில் ஏறியது. பத்துப் பேர் அதற்கு முதுகைக் காட்டி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு பின்னால் ஒருவர் மர ஆப்பு செருகுவார். முன்னால் பசவராஜ் என்ற கன்னடக்காரர் அடுத்த பைப்பை வைப்பார். பாதி ஏறியிருக்கும். பசவராஜின் கால் வழுக்கி, ஷூவின் நுனி பைப்புக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பின்னால் ஆப்பு இன்னும் சரியாக உட்காரவில்லை. இழுத்தால் பசவராஜின் பாதம் போயிற்று. கயிறு தளர்ந்தால் ஆப்பு வைக்கிறவர் மேல் மூன்று டன்னும் இறங்கும்.

"ஸ்டாப்" என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அந்தோணி என்னைப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தார்.

பாட்டு நிற்கவில்லை. குரலும் உயரவில்லை. அதே மெட்டில், "பசவா, ஜூதா கோல் ரே, பைர் நிகால் ரே" என்றார். ஷூவைக் கழற்று, காலை எடு என்று பாட்டாகவே சொன்னார். வரி முடிய வேண்டிய இடத்தில் இன்னொரு வரியைக் கோத்தார். ஆப்பை இறுக்கு என்றார். அப்புறம் இன்னொரு வரி. பத்துப் பேரும் பல்லவிக்காகக் காத்து, கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். கெண்டைக்கால்கள் நடுங்கின. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு நடக்கிறவரை விடக் கூடாது, பல்லவி வராதவரை இழுக்கக் கூடாது. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

பசவராஜ் வெறும் சாக்ஸோடு பாதத்தை உருவிக்கொண்டார். ஆப்பும் உட்கார்ந்தது. அப்போதுதான் அந்தோணி வரியை முடித்தார்.

"ஹோய் ஹைசா."

பிரஸ் ஒரு சாண் ஏறியது. காலி ஷூவின் மேல் பைப் உருண்டு, அதைத் தட்டையாக்கிவிட்டுப் போயிற்று. இன்றைக்கு எழுதும்போதும் அந்தத் தட்டை ஷூ கண்முன் நிற்கிறது.

பல்லவி திரும்பத் திரும்ப வருவது அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அது கட்டாயம் வரும் என்று பத்துப் பேருக்கும் தெரியும். அந்த நம்பிக்கைதான், அது வராத நேரத்திலும் அவர்களை ஒரே ஆளாக நிற்கவைத்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அர்த்தமில்லை என்று ஒரு வழக்கத்தை நிறுத்துவதற்கு முன், அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

சாயங்காலம் அந்தோணியிடம் கேட்டேன். "பசவராஜ் கால எடுக்க இன்னும் லேட்டாகியிருந்தா? எத்தனை வரி பாடியிருப்பீங்க?"

அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார். "கால் வெளிய வர்ற வரைக்கும், சார்."