பலகைக்கு அந்தப் பக்கம்

அரபு நாட்டு மிர்பாத் கடற்கரையில் பக்கீத்தைப் போலக் கப்பல் பலகை தைக்க ஆளில்லை. அவனைப் போல வீம்பு பிடிக்கவும் ஆளில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண விருந்தில் அவன் தங்கை புருஷன் முசல்லம், "மச்சான் வீட்டு ஒட்டகப் பாலைக் குடிச்சா மத்தி மீனு வாய்க்குள்ள நீந்துதுப்பா" என்று சொல்லிவிட்டான். காய்ந்த மத்தியைத் தின்கிற ஒட்டகத்தின் பால் வேறெப்படி மணக்கும்? ஊரில் எல்லார் வீட்டுப் பாலும் அதே வாடைதான். ஆனால் கூட்டம் சிரித்துவிட்டதே! அன்றோடு பேச்சு நின்றது. தங்கை வீட்டு வாசலைக்கூட அவன் மிதிக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் பழங்காலத்துப் பாய்மரக் கப்பலை அச்சு அசலாகக் கட்டும் வேலை ஊருக்கு வந்தது. ஆணியே கூடாது, எல்லாம் கயிற்றுத் தையல். உள்ளே ஒருத்தன், வெளியே ஒருத்தன் என்று ஜோடியாகத்தான் தைக்க முடியும். அடிப்பலகைக்குக் கைதேர்ந்தவர்கள் வேண்டுமென்று மேஸ்திரி அவத் இரண்டு பேரைப் பொறுக்கினார். யாரென்று சொல்லவும் வேண்டுமா?

பக்கீத் உள்ளேயும் முசல்லம் வெளியேயுமாக இருவரும் வாயே திறக்காமல் தைத்தார்கள். பலகையில் ஒரு தட்டு தட்டினால் இழு, இரண்டு தட்டினால் தளர்த்து.

கப்பலைக் கடலில் இறக்குமுன் அதற்குள் தண்ணீர் நிரப்பிப் பார்ப்பது வழக்கம். நிரப்பினார்கள். அடிப்பலகை ஒழுகியது.

"வியாழக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா ஆணி அடிக்கச் சொல்லிட்டாங்க, கப்பல் கட்டச் சொன்னவங்க" என்றார் அவத்.

பக்கீத் தைத்த கப்பலில் ஆணியா? தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கித் தையலைப் பிரித்தான். ஒழுகாமல் இருக்கத் தையலுக்கு அடியில் வைத்த நார்த்திரி ஒரு முழத்துக்கு விலகிக் கிடந்தது. அது விலகியதை அவன் தைத்த அன்றைக்கே பார்த்தான். 'நிறுத்து' என்பதற்குத் தட்டு கிடையாது. நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று விட்டுவிட்டான். அவமானமாக இருந்தது.

மறுபடி தைக்கும்போது அதே இடத்தில் திரி நழுவியது. பக்கீத் தொண்டையைச் செருமினான்.

"மச்சான், நிறுத்து. நார் விலகுது."

வெளியே முசல்லம் கயிற்றை இழுப்பதை நிறுத்தினான்.

"இப்பவாச்சும் வாயத் தொறந்தியே. எந்தப் பக்கம்?"

"உன் வலது கைப் பக்கம்."

"தளர்த்துறேன். நல்லா திணி."

அப்புறம் வாய் ஓயவில்லை. தங்கையின் முழங்கால் வலி, மூத்தவளின் கல்யாணம், போன வருஷத்துப் புயல் எல்லாம் பலகையின் துளை வழியாக வந்து சேர்ந்தன.

வியாழக்கிழமை மறுபடி தண்ணீர் நிரப்பினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவத் இருவரையும் இழுத்து எதிரெதிரே நிறுத்திக் கைகொடுக்கச் சொன்னார். நடுவில் பலகை இல்லை. பக்கீத் கப்பலைப் பார்த்தான். முசல்லம் மணலைப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று நடந்து கப்பலைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றுகொண்டு, பலகையில் ஒரு தட்டு தட்டினான்.

"மச்சான், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா. உன் தங்கச்சி வழி பாத்துக்கிட்டிருக்கா."

பக்கீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையருகே குனிந்தான்.

"வர்றேன். பால் நான் கொண்டுவர்றேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."