ஒற்றைக் கையால் ஒரு கோப்பி

அண்ணி மங்களேஸ்வரி கொடுக்கும் கோப்பி ஒருநாளும் சுட்டதில்லை. போட்ட கோப்பியை இரண்டு பேணிகளில் மாற்றி மாற்றி ஆற்றி, பேணியைத் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, சூடு போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் றொசாந்தியிடம் நீட்டுவார். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதுபோல.

றொசாந்திக்கு வயது முப்பத்தாறு. சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கிறாள். சுற்றுவட்டாரத்துக் கலியாண அழைப்புக் காட்டுகளும் செத்தவீட்டு நோட்டீசுகளும் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். அந்தக் கை வலது கை. இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. வன்னியில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், ஷெல் துண்டு பட்டுப் போனது. இரத்தம் வழிய வழிய அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அண்ணன் சோமசேகரம். அவரைப் பொறுத்தவரை அவளை இன்னமும் கீழே இறக்கவில்லை.

ஊர் திரும்பிய புதிதில் ஒருநாள் கையிலிருந்த கேத்தில் வழுக்கிக் கொதிதண்ணீர் அவள் காலில் கொட்டியது. அன்றோடு குசினி அவளுக்கு மூடிவிட்டது. யாரும் ஏசவில்லை, கத்தவில்லை. அவள் அடுப்பருகில் போனால் அண்ணி, "நீ இரு பிள்ளை, நான் செய்யிறன்" என்பார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் திருப்பி ஏசலாம். அன்பாகச் சொல்கிறவரிடம் என்ன சண்டை பிடிப்பது?

கடைசியில் சண்டைக்குக் காரணம் ஒரு விருந்தாளியால் வந்தது. உடுப்பிட்டியிலிருந்து அண்ணியின் தமக்கை பேத்தியோடு வந்திருந்தார். எல்லோருக்கும் ஆவி பறக்கக் கோப்பி வந்தது. அண்ணி தட்டத்தில் இருந்த இரண்டு பேணிகளைக் காட்டி, "இது ரண்டும் ஆத்தினது. ஒண்டு சின்னனுக்கு, மற்றது றொசாவுக்கு" என்றார். நான்கு வயதுப் பிள்ளை தன் பேணியைப் பார்த்தது, றொசாந்தியின் பேணியைப் பார்த்தது, பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் றொசாந்தி சொன்னாள்: "நான் ஒரு கோப்பி மிசின் வாங்கப்போறன். நானே போட்டு நானே குடிக்கப்போறன்."

"உதென்ன கதை? அண்ணி போட்டுத் தாறாதானே!" என்றார் சோமசேகரம்.

"அண்ணி ஆத்திப்போட்டெல்லோ தாறா."

அண்ணி சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த சனிக்கிழமை யாழ்ப்பாணம் ரவுனுக்கு அண்ணனும் கூட வந்தார். புறப்படும்போது, "கடைக்காரர் பாப்பினம், உந்தக் கையைப் போட்டுக்கொண்டு வாவன்" என்றார். அலுமாரியில் கிடந்த செயற்கைக் கையைத்தான் சொன்னார். "பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் படலையைத் திறந்தாள்.

கடையில் றஜிந்தன் என்ற இளைஞன் வந்தான். அவளை ஒருதரம் பார்த்தான், பிறகு அண்ணனைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினான். "ஐயா, உங்களுக்கு இது நல்லது. தூள் அடைச்ச கப்சூலைப் போட்டு ஒரு பட்டனை அமத்தினால் சரி. ஒரு கரைச்சலும் இல்லை."

"தம்பி, வாங்கிறது நான். என்னட்டைக் கதையுங்கோ" என்றாள் றொசாந்தி. கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து இடித்த வீட்டுக் கோப்பித்தூள். "இதைப் போட ஏலுமே?"

"அது ஏலாதக்கா. கொழும்பிலை இருந்து வாற கப்சூல்தான் போடலாம்."

"அப்ப உது வேண்டாம்."

பக்கத்தில் கண்ணாடிச் சாடி வைத்த மிசின் ஒன்று இருந்தது. தண்ணீரும் தூளும் போட்டுச் சுவிச்சைத் தட்டினால் சொட்டுச் சொட்டாக வடியும். அண்ணனுக்கு அதைப் பிடித்துவிட்டது. ஆனால் சாடியைத் தாங்கும் தட்டு சூடாகவே இருக்குமாம், பால் காய்ச்ச வேறு அடுப்பு வேண்டுமாம். பாலுக்காக மறுபடி அண்ணியிடம் போய் நிற்க அவளுக்கு விருப்பமில்லை. கைபிடி வைத்த கரண்டியில் தூளை அமத்தி, மிசினில் கொளுவித் திருகுகிற வகையைக் காட்டினாள். ஓரமாகப் பாலுக்கு நீராவி வரும் குழாயும் அதில் இருந்தது.

"அதுக்கு ரண்டு கை..." என்று தொடங்கிய றஜிந்தன் வாயை மூடிக்கொண்டான்.

"தண்ணியை விட்டுப் பிளக்கைக் கொளுவுங்கோ. போட்டுப் பாப்பம்."

"அப்பிடிப் போட்டுப் பாக்க விடுறேல்லை அக்கா."

"செருப்பு வாங்கினாலும் காலிலை போட்டுப் பாத்துத்தானே வாங்கிறது?"

முதலாளி தூரத்திலிருந்து சரியென்று தலையாட்டினார்.

முதல் மிசின் பிளாஸ்டிக். கரண்டியைக் கொளுவித் திருகினாள். கரண்டி நின்ற இடத்தில் நிற்க மிசின்தான் முழுசாகச் சுழன்றது. குறைக்கையை அதன் முதுகில் முட்டுக்கொடுத்துப் பார்த்தாள். வழுக்கியது. தூள் மேசையெங்கும் கொட்டியது. குளிர்சாதனப் பெட்டி பார்க்க வந்த ஒரு குடும்பம் பெட்டியை விட்டுவிட்டு இவளைப் பார்த்தது. அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. "காணும் றொசா, வா போவம்" என்று மெல்லச் சொன்னார்.

"அங்காலை நிக்கிற பாரமானதை எடுங்கோ" என்றாள் அவள்.

இரும்பு உடம்பு. றஜிந்தனே மூச்சுவாங்கித்தான் தூக்கி வைத்தான். அவள் இடுப்பை மேசையில் சாய்த்து, கரண்டியை ஏற்றி, தோளோடு சேர்த்துத் திருகினாள். அரைவாசியில் இறுகியது. உதவ நீண்டது றஜிந்தனின் கை.

"கையை எடுங்கோ."

அவன் எடுத்தான். மூச்சைப் பிடித்து இன்னொருமுறை திருகினாள். கடக்கென்று பூட்டு விழுந்தது. சுவிச்சைத் தட்டினாள். கறுப்பாக, நுரையோடு, மல்லி மணக்கக் கோப்பி இறங்கியது. பக்கத்துக் கடையில் வாங்குவித்த பாலைச் சிறு சாடியில் விட்டாள். சாடியைப் பிடித்துக்கொண்டு நீராவித் திருகாணியையும் திருப்ப முடியவில்லை. ஒரு பேணியைக் கவிழ்த்து, அதன்மேல் சாடியை வைத்து, குழாய் பாலுக்குள் நிற்கும்படி செய்துவிட்டுக் கையை எடுத்துத் திருகாணியைத் திருப்பினாள். பால் சீறிக்கொண்டு பொங்கியது.

"இதைக் கட்டுங்கோ" என்றாள்.

வீட்டில் மிசினை யன்னலோர மேசையில் வைத்தாள். மறுநாள் கோவிலால் வந்து பார்த்தால் அது அலுமாரியின் உச்சியில், துவாயால் மூடப்பட்டு இருந்தது.

"நீராவி முகத்திலை அடிச்சுதெண்டால் என்ன செய்யிறது?" என்றார் அண்ணி. "ஆராவது வரேக்கை எடுப்பம்."

றொசாந்தி கதிரையை இழுத்துப்போட்டு ஏறினாள். சோமசேகரம் பதறி ஓடிவந்தார். "விழப்போறாய், இறங்கு!"

"நீங்கள் இறக்கித் தாங்கோ. இல்லாட்டி நான் இறக்குவன். விழுந்தால் விழட்டும்."

அவர் இறக்கிக் கொடுத்தார்.

அவள் தண்ணீர் விட்டாள், தூள் போட்டாள், திருகினாள். பாலைப் பொங்க வைக்கும்போது நீராவி பெருவிரலில் அடித்தது. "ஆ" என்று கையை உதறினாள்.

"பாத்தியே! இதைத்தானே நான் சொன்னனான்!" அண்ணி ஓடிவந்தார்.

"சுட்டதுதான். அதுக்கென்ன?" அண்ணியின் முன்னங்கையை அவள் பிடித்துத் திருப்பினாள். எண்ணெய் தெறித்ததும் தாச்சி விளிம்பு பட்டதுமாக அங்கே பழைய கறுப்புத் தழும்புகள். "இது எத்தினை தரம் சுட்டது அண்ணி? உங்களை ஆராவது குசினியாலை வெளியிலை விட்டவையே?"

அண்ணி தன் தழும்புகளைப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு கையை இழுத்துக்கொண்டு தேங்காய் திருவப் போய்விட்டார்.

றொசாந்தி ஊதவும் இல்லை, ஆற்றவும் இல்லை. நின்றபடியே குடித்தாள். நாக்கு நுனி சுட்டது. அப்படியே முழுவதையும் குடித்து முடித்தாள்.

அண்ணி இன்றுவரை அந்த மிசின் கோப்பியை வாயில் வைப்பதில்லை. கசப்பாம். சோமசேகரம் மட்டும் தோட்டத்தால் வந்ததும், "றொசா, ஒண்டு போடன்" என்று குரல் கொடுக்கிறார்.

போன கிழமை ஒருநாள் கிணற்றடியில் நின்ற அண்ணிக்குத் தாச்சியில் எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு குசினி வாசலுக்கு விரைந்து வந்தார். றொசாந்தி முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உப்புப் போட்டனியே?"

"போட்டனான்."

அண்ணி திரும்பிக் கிணற்றடிக்குப் போனார்.