கோட்டுப் பையில் ஒரு யாப்பு

சங்கத் தலைவரே, வலிப்பு நோயுள்ள என் மகளைத் தமிழ் வகுப்பிலிருந்து துரத்தியது நீர்தான்.

வகுப்பு நடக்கிற வோபர்ன் மண்டபத்தில் தலைவரை ஒரேயொரு முறை சந்தித்தேன். சாயம் பூசிய மீசை. கோட்டுப் பையில் சங்கத்தின் யாப்பை, அந்தச் சட்டவிதிக் கடதாசியை, மடித்து வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் அந்தப் பையைத் தட்டிவிட்டுத்தான் வாய் திறந்தார். மகள் வலிப்புக்காக மத்தியானம் குடிக்க வேண்டிய சிபிடி எண்ணெயை வகுப்பு ரீச்சரிடம் கொடுத்திருந்தேன். தலைவர் அந்தப் போத்தலை வாங்கித் திறந்து மோந்தார்.

"இது கஞ்சாவெல்லே, தங்கச்சி?"

"அந்தச் செடியில எடுத்த மருந்து, அண்ணை. வெறிக்காது. டொக்டர் எழுதித் தந்தவர். மருந்தைச் சாட்டி நோயாளியை ஒதுக்கேலாதெண்டு சட்டமும் இருக்கு."

பையைத் தட்டினார். "அது கனடாச் சட்டம். எங்கட யாப்பில போதைப்பொருளுக்கு இடமில்லை."

அவருக்குப் பின்னால் ஆண்டு விழாவுக்கான விஸ்கிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. "அப்ப உது?" என்றேன்.

"இது ஸ்பொன்சர் தந்தது, பிள்ளை." சிரிக்காமல் சொன்னார்.

மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கனடாச் சட்டத்தின்மேல் சத்தியம் செய்து குடியுரிமை எடுத்த மனிதருக்கு, அந்தச் சட்டம் மண்டப வாசலோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது? எனக்கு இன்னும் விளங்கவில்லை. வருகிற பொதுக்கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் யாப்பை விரித்து வாசியும், தலைவரே. என் மகளின் மருந்து எந்தப் பக்கத்தில் குற்றம்?