வெர்லீன் அத்தையின் மூக்கு

வெர்லீன் அத்தைக்குச் சம்பளம் மலத்தை மோந்து பார்ப்பதற்கு. பழங்குடி அலுவலகத் தாளில் 'குகை ஆய்வுக் கண்காணிப்பாளர்' என்று கௌரவமாகப் போட்டிருக்கும். நெவாடா பாலையின் குகையில் ஆயிரக்கணக்கான வருஷமாகக் காய்ந்து கிடந்த கட்டியில் துளி கிள்ளி, மருந்துத் தண்ணீர்க் குப்பியில் ஊறப்போடுவாள். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் இன்று காலையில் போனது போல நாறும். எனக்குக் குடல் வாய்க்கு வரும். அத்தையோ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பொரித்த ரொட்டி தின்பாள். அதே விரல்களால் என் கன்னத்தையும் கிள்ளுவாள்.

சுரங்கத்துக்குச் சாலை போடுகிறவர்கள் குகையை உடைக்கப் பார்த்தார்கள். எங்கள் பையூட் இனத்து முன்னோர் அங்கே வாழ்ந்ததற்கு அத்தையிடம் இருந்த சாட்சி நாலு குப்பிகள்தான். நான் சும்மா இருக்கமாட்டாமல் ஐந்தாவதாக ஒரு குப்பியில் நரிப்பீயை ஊறப்போட்டு வைத்தேன்.

சாலைக்காரர் டுவைன், அரசாங்க அதிகாரியம்மாவோடு வந்தார். சரியாக அதையே தூக்கினார்.

"தண்ணி வெளுத்துக் கெடக்கு, உள்ள முயல் முடி. நரியோடது. எல்லாமே நரிதான், எழுதிக்குங்க மேடம்."

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். நான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தை, அத வச்சது நான்தான்."

"தெரியும்டி, நாத்தம் புடிச்சவளே. நாலு அஞ்சானா எனக்கு எண்ணத் தெரியாதா? நரியோடதயும் பக்கத்துல வச்சுக் காட்ட வசதின்னு விட்டுட்டேன்."

இன்னொரு குப்பியின் மூடியைத் திருகி டுவைனின் மூக்கடியில் நீட்டினாள். உள்ளே தார் மாதிரி கறுப்பு. அவர் வாசலுக்கு ஓடி ஓங்கரித்தார்.

"பாத்தீங்களா மேடம்? மனுசனோடதுதான் இப்படிக் கறுக்கும்."

"மனுசனாவே இருக்கட்டும்," டுவைன் வாயைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஆளுன்னு எப்படிச் சொல்றே?"

அத்தை இடுக்கியால் துழாவி, பொடி விதைகளை எடுத்து வைத்தாள். "சம்பங்கோரை விதை. அப்ப இங்க ஏரி. எங்க சனத்துல திங்கிறத வச்சுத்தான் பேரு. ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க மீன்தின்னி, நாங்க கோரைதின்னி. எங்க பாட்டன் கையெழுத்தே போட்டுட்டுப் போயிருக்கான்."

அதிகாரியம்மா மூக்கைப் பிடித்தபடியே எழுதினார். சாலை இப்போது குகையைச் சுற்றி வளைந்து போகிறது.

ஐந்து குப்பிகளையும் கழுவும் தண்டனை எனக்கு. கழுவி முடித்ததும் அத்தை தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள், கை கழுவாமல்.

சீ. தின்றேன்.