அப்பாவுக்கு வைத்த பாதி மூட்டு

மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கில் சாயங்காலமானால் வயதானவர்கள் ஷூ மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வட்டம் வட்டமாக நடப்பார்கள். பால் வாங்கப் போவதில்லை, யாரையும் பார்க்கப் போவதில்லை; கிளம்பிய கேட்டுக்கே வந்து மறுபடியும் கிளம்புவார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு இது பழகிவிட்டது. ஊரிலிருந்து வந்த அப்பாவுக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டி ரூபி, எங்க போறதுக்கு இவனுவ இப்படி நடக்கானுவ?" என்று பால்கனியில் நின்று கேட்டார். நீங்களும் போய் நடங்கப்பா என்றேன். "எனக்கென்ன கிறுக்கா?" என்று டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

வேறு எங்கேயும் போக நான் அவரை விட்டதுமில்லை. ஹிந்தி தெரியாது, ரோட்டில் எந்தப் பக்கமிருந்து பைக் வரும் என்று யாருக்கும் தெரியாது. தனியாகப் போகாதீங்க, கதவைத் திறக்காதீங்க, எதையும் தூக்காதீங்க. நானும் வீட்டுக்காரரும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் இதே பாட்டுதான். திருச்செந்தூர்ப் பக்கம் கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆன மனுஷர். அம்மா போன பிறகும் தானே பொங்கித் தின்று, சைக்கிளில் கடைக்கும் சர்ச்சுக்கும் போய், ஃபியூஸ் போனால் இன்றைக்கும் ஆட்கள் வந்து கூப்பிடும் ஆள். அவரைத்தான் "அங்கே ஒத்தையில கெடந்து என்ன பண்ணப் போறீங்க" என்று அழுது அடம்பிடித்துக் கூட்டிவந்தேன்.

வந்த மூன்றாம் மாதம் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்தார். வீட்டில் யாரும் இல்லை. மத்தியானம் விழுந்தவர், ஆபீசிலிருந்து வந்து நான் கதவைத் திறக்கும்வரை அந்த ஈரத் தரையிலேயே கிடந்தார். "சத்தம் போட்டிருக்கலாமேப்பா" என்று நான் கத்த, "யார கூப்பிட?" என்றார்.

சயான் பக்கத்து ஆஸ்பத்திரியில் மராட்டிக்கார டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. இரண்டு வழி இருக்கிறது என்றார் ஹிந்தியில். உடைந்த உருண்டையை மட்டும் மாற்றலாம், அது பாதி மூட்டு. இல்லையென்றால் உருண்டையோடு அது உட்காரும் கிண்ணத்தையும் மாற்றலாம், அது முழு மூட்டு. முழுசு வைப்பது பெரிய ஆபரேஷன், மூட்டு நழுவுகிற பயமும் கொஞ்சம் கூடுதல். ஆனால் நன்றாக நடமாடுகிறவர்களுக்கு அது நெடுநாள் உழைக்கும். பாதியில் உலோக உருண்டை நம் சொந்தக் கிண்ணத்திலேயே உரசிக்கொண்டிருக்கும்; அதிகம் நடக்காதவர்களுக்கு அதுவே போதும். எலும்பு மெலிந்திருப்பதால் எதுவானாலும் சிமென்ட் போட்டு இறுக்கிவிடுவோம் என்றார். பிறகு கேட்டார்: "பாபா வெளியே தனியாகப் போவாரா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லை டாக்டர், வீட்டோடதான். ஒரு வேலையும் செய்ய விடமாட்டோம். ராஜா மாதிரி வைத்திருக்கிறோம்." பெருமையாகத்தான் சொன்னேன். பெற்றவர்களைக் கூட்டிவந்து வைத்திருக்கும் நாம் எல்லாரும் பீற்றிக்கொள்வது இதைத்தானே? டாக்டர் தலையாட்டினார். பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பா, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று மட்டும் புரிந்து, எங்கள் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி மூட்டு வைத்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். சிமென்ட் விஷயத்தைச் சொன்னதும் அப்பா "எந்தக் கம்பெனி சிமென்டாம்? நல்லா தண்ணி ஊத்தி நனைக்கச் சொல்லு" என்று கேலி பேசினார். நான் சிரித்து முடிப்பதற்குள், "சைக்கிள் எப்ப ஓட்டலாம்னு கேளு" என்றார். அடப்பாவி, டாக்டர் கேட்டது இந்த மனுஷரைப் பற்றியல்லவா? நான் சொன்னது என் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றி. அந்த ஆளை உண்டாக்கியதே நான்தான்.

அதற்குப் பிறகு லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனில் இதையே தேடிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் முழுசுதான் நல்லது என்றிருக்கும், இன்னொரு இடத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றிருக்கும். இரண்டாவதைப் படிக்கும்போது மூச்சு வரும். குர்லா தாண்டுவதற்குள் மறுபடி முதலாவதைத் தேடுவேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் காட்டப் போனபோது, அப்பா கைத்தடியோடு காரிடார் முழுக்க விறுவிறுவென்று நடந்து காட்டினார். டாக்டர் புருவத்தைத் தூக்கினார். "வெளியிலேயே போகமாட்டார் என்றீர்களே?" ஊரில் அப்பா எப்படி இருந்தார் என்று அப்போதுதான் சொன்னேன். டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அப்போதே தெரிந்திருந்தால் முழுசை யோசித்திருப்பேன். பரவாயில்லை, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் தொடை இடுக்கில் வலி வந்தால் மட்டும் கூட்டிவாருங்கள்" என்றார்.

"என்ன சொல்லுதாரு?" என்றார் அப்பா. மறைக்க மனம் வரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். "இங்க உள்ளதத்தானட்டி சொல்லியிருக்க" என்றார். பிறகு, "ஊருக்குப் போயி இருக்கலாமான்னு கேளு."

கேட்டேன். போகலாம், சைக்கிள் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்ற டாக்டர், "அங்கே அவரோடு யார் இருக்கிறார்கள்?" என்றார். யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அப்பா என்னோடேயே இருந்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு கேள்வியை அப்பாவிடம் தள்ளிவிட்டேன்.

"அங்க விழுந்தா சத்தம் போட்டா ஆள் வரும்" என்றார் அப்பா. "இங்க யாரு இருந்தா?"

குரலில் கோபமே இல்லை. டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அதையும் நான்தான் ஹிந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

அன்றைக்கே ரயில் டிக்கெட் போட்டேன். போக இரண்டு, வர ஒன்று.